விரல் நுனியில் ஒரு சாட்சி

நாடி பிடித்துப் பார்த்தல் நம் முன்னோர் மருத்துவத்தில் தலையாய கலையாக விளங்கிற்று. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாத, பித்த, கபங்களின் நிலையை வைத்தியர் உணர்ந்து கூறுவார். இன்றோ மின்கருவிகள் கைக்கடிகாரமாகவும் மோதிரமாகவும் உடலோடு ஒட்டியிருந்து நாடித்துடிப்பைக் கணித்துச் சொல்கின்றன. இக்கருவிகளுள் உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர் மக்களாகிய நாம் நெருங்கிப் பழகியது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே ஆகும்.

2021-ஆம் ஆண்டுக் கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது இதன் அருமையை உணர்ந்தோம். மூச்சுத்திணறல் தோன்றாமலே குருதியில் ஆக்சிஜன் குறைந்துவிடுவது அந்நோயின் வஞ்சகம். உடல் மறைத்ததை இச்சிறு கருவி வெளிப்படுத்திற்று. காலத்தே எச்சரித்துப் பலரைக் காத்தது.

இது வேலை செய்யும் விதம் எளியதே. சிவப்பு ஒளியும், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியும் விரலினூடே பாய்கின்றன. ஆக்சிஜன் நிறைந்த குருதி சிவப்பு ஒளியை மிகுதியாகக் கடந்துபோக விடுகிறது. குறைந்த குருதியோ அதனை விழுங்கிவிடுகிறது. நாடி துடிக்கும்தோறும் மாறும் ஒளியின் அளவைக்கொண்டு கருவி விழுக்காட்டைக் கணிக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி 1974-இல் உலகிற்கு அளித்த கருத்து இது.

அந்நாள்களில் எங்கள் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆண்டுக்கணக்காய் வெயிலில் நாற்று நட்டுக் கறுத்துக் காய்த்த கைகள் அவருடையவை. கருவி 95 என்று காட்டிற்று. “எனக்கு ஒன்றுமில்லை” என்றார் அத்தை. மருந்து கொடுக்க வந்த செவிலியரோ அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி, அத்தையின் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினார். முப்பதைத் தாண்டிற்று. “எண் நன்றாயிருக்கிறது, அம்மா நன்றாயில்லையே! உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்றார். பத்து நாள் கழித்து அத்தை நலமாய் வீடு திரும்பினார்.

குளிர்ந்த விரலும் நகச்சாயமும் கருவியின் கணக்கைப் பிறழச் செய்யும். இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. கருநிறத் தோலிலுள்ள நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது. இக்கருவிகளோ பெரும்பாலும் வெளிர்நிறத்தோரிடம் சோதித்து அளவு திருத்தப்பட்டவை. கருவி ‘நலம்’ என்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். பல நிறத்தோரிடமும் சோதித்துக் காட்டவேண்டும் என்னும் வரைவு நெறிமுறையை அந்நாட்டு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. உழைத்துக் கறுத்த நம் மக்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று.

நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறித்த குடவோலை விதிகளை நாம் அறிவோம். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. மனிதரிடமே கணக்குக் கேட்ட ஊர் இது. உயிரைக் காக்கும் பொறுப்பேற்கும் கருவியிடமும், “யாரை வைத்து உன்னைச் சோதித்தார்கள்?” என்று கேட்பது நம் உரிமையே.

ஆகவே, அன்பர்களே, கருவியை ஒதுக்க வேண்டா. ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறி, விரலைச் சூடாக்கி, நகச்சாயம் அகற்றி அளந்து பாருங்கள். ஒரு முறை தோன்றும் எண்ணைவிட, அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதையே கவனியுங்கள். அதனோடு மூச்சையும் எண்ணுங்கள். ஓய்ந்திருக்கும் பெரியவர்க்கு நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை இயல்பு. உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, எண் எதுவாயினும் காத்திராதீர்கள். கருவி ஒரு நல்ல சாட்சி. தீர்ப்பு வழங்குமுன் நோயுற்றவரின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.