பழைய மகிழுந்து

மகிழுந்து என்னும் சொல்லை ஆக்கிய தமிழறிஞர் புதிய காரை மனத்திற்கொண்டே அதை ஆக்கியிருக்க வேண்டும். பழைய காரை வாங்குகிறவருக்கு அது மகிழ்ச்சி தருமா, மாதந்தோறும் பட்டறை வாசலில் காத்திருக்கச் செய்யுமா என்பது வாங்கும் நாளில் தெரிவதில்லை. வண்ணமும் வடிவமும் கண்ணுக்குத் தெரிகின்றன. காரின் ஆயுளைத் தீர்மானிக்கும் உறுப்போ கண் படாத இடத்தில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. தானியங்கிக் கார் எனின் இவ்வுண்மை இன்னும் கூர்மை பெறும். கையால் கியர் மாற்றும் காரில் கிளச் தேய்ந்துபோனால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் ஓட்டலாம். தானியங்கிக் கியர்ப் பெட்டி பழுதுபட்டாலோ, சிறு வருமானக் குடும்பம் பல மாதங்கள் சேர்த்த பணம் ஒரே நாளில் கரைந்துவிடும். ஆதலால், குறைந்த முதலில் பழைய தானியங்கிக் கார் வாங்கப் புறப்படுகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு கியர்ப் பெட்டியையும் அதன் கடந்த காலத்தையுமே ஆகும். மற்றவை அதனோடு ஒட்டி வருவன.

மலேசியாவில் 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதன்பின் தோட்டத்து லயன்களின் முன்னும் கார் நிற்கும் காட்சி அரிதாக இருக்கவில்லை. பேருந்து எட்டிப்பாராத உட்புறங்களில் வாழ்வோர்க்குக் கார் ஆடம்பரம் என்று இன்றும் பேசுகிறவர்கள் நகரத்தை விட்டு வெளியே வராதவர்கள்.

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில் வாழும் ஒரு குடும்பத்தின் தேடலை ஈண்டு எடுத்துக்கொள்ளலாம். மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பணியிடமோ குவாலா கெட்டிலுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பள்ளி. போகவர நாள்தோறும் 70 கிலோமீட்டர். இரண்டு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில், மழையிலும் வெயிலிலும் சென்று வந்தார். தாயாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டிய நிலை வந்தபோது மோட்டார் சைக்கிள் பயன்படவில்லை. தந்தையார் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அந்த லாரியின் கிளச்சை மிதித்து மிதித்தே அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மகளிடம் இருந்ததோ தானியங்கிக் காரை மட்டும் ஓட்டுவதற்குரிய 'டிஏ' உரிமம். இருவரும் ஓட்டக்கூடிய கார் வேண்டுமெனின் அது தானியங்கியாகத்தான் இருக்க வேண்டும்.

கையில் இருந்தது 22,000 வெள்ளி. தாயாரின் இரண்டு வளையல்களும் அதற்குள் அடக்கம். இன்னொரு மாதத் தவணையைச் சுமக்க ஆசிரியையின் சம்பளத்தில் இடமில்லை. பள்ளிக்கு ஒரு நாள் போக முடியாவிட்டால் விடுப்பு எழுதிக்கொடுக்கலாம். இரத்தச் சுத்திகரிப்பைத் தள்ளிப்போட முடியாது. எனவே அவர்கள் தேடியது அழகிய காரை அன்று, நின்றுவிடாத காரை.

பக்கத்துத் தாமானில் பட்டறை வைத்திருந்த இளைஞரிடம் தந்தையார் முதலில் சென்றார். லாரியை அக்கக்காகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அவர். ஆயினும் தானியங்கிக் கியர் அவருக்குப் புரியாத புதிராகவே இருந்தது. "கிளச்சே இல்லாம கியர் எப்படித் தம்பி மாறுது?" என்று கேட்டார். அந்த இளைஞர் பழைய கியர்ப் பெட்டி ஒன்றைக் காட்டி விளக்கினார். எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே இருக்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. கியரை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே. உள்ளே மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. எண்ணெய் அழுத்தும்போது அவை ஒன்றையொன்று பற்றுகின்றன. எண்ணெய் கெட்டால் பிடிப்பு தளரும். பிடிப்பு தளர்ந்தால் தகடு வழுக்கிச் சூடேறிக் கருகும். "அப்ப எண்ணெய்தான் இதுக்கு ரத்தம்னு சொல்லு" என்றார் தந்தையார். வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பவருக்கு வேறு எந்த உவமை தோன்றும்!

இது பழைய முறை. பட்டறைக்காரர்கள் நெடுங்காலம் பழகிய முறை. சிற்றூர்ப் பட்டறையிலும் இதைத் திறந்து பார்க்க ஆள் உண்டு. பெரோடுவா மைவி 2005இல் வெளிவந்தது முதல் 2021இல் மாற்றம் பெறும் வரை நான்கு கியர்களைக் கொண்ட இவ்வகைப் பெட்டியையே தாங்கி வந்தது. 2014இல் வந்த முதல் ஆக்சியாவும் அவ்வாறே. டொயோட்டா வியோஸ் 2016 வரை இம்முறையில் இருந்தது. ஹோண்டா சிட்டியின் கதை சற்று வேறு. 2009 முதல் 2013 வரை விற்பனையான சிட்டியில் ஐந்து கியர்ப் பெட்டி. அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றில் சிவிடி. ஒரே பெயரைத் தாங்கிய காராயினும் ஆண்டைப் பொறுத்து உள்ளிருப்பது மாறுகிறது. பெயரைக் கேட்டு வாங்குகிறவர் ஏமாறும் இடம் இது.

சிவிடி என்பதில் படிப்படியான கியர்களே இல்லை. இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. கப்பிகள் விரிந்தும் நெருங்கியும் வேகத்தை மாற்றுகின்றன. ஓட்டம் வழவழப்பாக இருக்கும், பெட்ரோலும் மிச்சமாகும். புரோட்டோன் நிறுவனம் 2011 முதல் சாகாவில் இதனைப் பொருத்தியது. 2019இல் வந்த திருத்திய சாகாவில் மீண்டும் நான்கு கியர்ப் பெட்டிக்குத் திரும்பியது. சிவிடி என்றாலே தீது என்று காப்பிக்கடையில் பேசுவது அரைகுறை அறிவு. காலம் தவறாமல் உரிய எண்ணெய் மாற்றப்பட்ட சிவிடி, எண்ணெயே மாற்றப்படாத பழைய முறைப் பெட்டியை விடப் பன்மடங்கு மேலானது. ஆனால் உரியவர் எண்ணெய் மாற்றினாரா என்பதற்குச் சான்று இல்லாதபோது, பழுது பார்க்க எளிதானதைத் தேர்வது சிறு முதல் உடையவர்க்கு அறிவுடைமை.

மூன்றாவது வகை, இரட்டைக் கிளச் பெட்டி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்று. கணினி இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கும். நெடுஞ்சாலையில் பறக்கும், எண்ணெயில் மூழ்காத உலர் வகையாயின், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கிளச் சூடேறும். சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் இத்தகைய ஐரோப்பியக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. கேட்ட விலை 20,000 வெள்ளி. புதிதாக இருந்தபோது மைவியைப்போல் இரு மடங்குக்கு மேல் விற்ற கார் அது. ஆசிரியையின் கண்கள் அதை விட்டு அகலவில்லை. இருபத்தேழு வயதில் அது இயல்பே. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறை இளைஞரிடம், அந்தப் பெட்டி கெட்டால் என்ன செலவு என்று மட்டும் கேட்டார். "அங்கிள், அதை இங்க திறக்கமாட்டோம். பினாங்குக்குத்தான் அனுப்பணும்" என்றார் அவர். விலை ஏன் அவ்வளவு இறங்கிற்று என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. சந்தையில் ஒரு கார் வயதுக்கு மீறி மலிவாக இருக்கிறதெனின், முன்பு வைத்திருந்தவர்கள் கற்ற பாடத்தின் விலை கழிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்துப் பார்த்தது ஒரு மைவி. மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ ஓரம் தேய்ந்து உலோகம் தெரியும் நிலையில் இருந்தது. ஓட்டுநர் இருக்கையின் விளிம்பும் நைந்திருந்தது. மீட்டரைத் திருப்பலாம், மிதியையும் இருக்கையையும் திருப்ப இயலாது. காருக்குள் வாசனைத் திரவியத்தின் மணம் மிகுதியாக வீசியது. தந்தையார் பின்னிருக்கையின் பாதுகாப்புப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் அடிப்பகுதியில் பழுப்பு நிறக் கறை ஒரு கோடாகப் படிந்திருந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்தில் குப்பாங் பகுதியில் வெள்ளம் சேற்றையும் மரங்களையும் அடித்து வந்தது. அத்தகைய வெள்ளங்களில் மூழ்கும் கார்கள் எல்லாம் உடைக்கப்படுவதில்லை. சில கழுவித் துடைக்கப்பட்டுக் கடைக்கு வருகின்றன. நீர் புகுந்த காரில் மின்கம்பிகள் மெல்லத் துருப்பிடிக்கும்; கெடுதல் பல மாதம் கழித்தே தலைகாட்டும். விற்பனையாளர், "அது காப்பிக் கறை" என்றார். பின்னிருக்கைப் பட்டையின் அடியில் காப்பி குடித்தவர் எவரோ!

மூன்றாவதாகப் பார்த்த காரும் மைவியே. மேனியில் கீறல் இல்லை, கறை இல்லை, சக்கரங்கள் புதியவை. மாலையில் ஓட்டிப் பார்த்தபோது குறை எதுவும் புலப்படவில்லை. ஆயினும் தந்தையார், "நாளைக் காலையில் வருகிறோம், நாங்கள் வருமுன் எஞ்சினை முடுக்க வேண்டா" என்று கேட்டுக்கொண்டார். லாரிக்காரரின் அனுபவம் அது. சூடான எஞ்சின் பல உண்மைகளை மறைக்கும். மறுநாள் காலை சென்றதும் அவர் முதலில் முன்மூடியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. எஞ்சினை முடுக்கி, பிரேக்கை மிதித்தபடி கைப்பிடியைப் பின்செலவுக்கு மாற்றினார் மகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் அளவுக்குக் கார் சும்மா இருந்தது. பிறகு யாரோ பின்னால் உதைத்ததுபோல் 'டக்' என்று குலுங்கிற்று. நல்ல பெட்டி ஒரு விநாடிக்குள், அதிர்ச்சியின்றிப் பற்ற வேண்டும். அளவுகோலை இழுத்து வெள்ளைக் காகிதத்தில் துடைத்தார்கள். புதிய கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவந்திருக்கும், இது கறுத்திருந்தது, தீய்ந்த நாற்றம் வீசியது. பட்டறை இளைஞர் சொன்ன மதிப்பு, பெட்டியைப் பிரித்துக் கட்ட 3,000 வெள்ளிக்குக் குறையாது என்பது. முந்தைய மாலையிலேயே முன்பணம் கட்டியிருந்தால் தாயாரின் வளையல்கள் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கும்.

கருகிய எண்ணெய் ஒரு குறி. அதைவிடத் தீயது இளஞ்சிவப்புப் பால்போல் கலங்கிய எண்ணெய். பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் செல்கிறது. உள்ளே அரிப்பு ஏற்பட்டால் நீர் எண்ணெயில் கலந்துவிடும். அத்தகைய காரை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் கைதொடலாகாது. மேட்டில் ஏற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. எஞ்சின் இரைச்சல் உயர்ந்தும் வேகம் உயராவிட்டால், உள்ளே தகடுகள் வழுக்குகின்றன என்று அறியலாம்.

பெயர் மாற்றத்திற்கு முன் செய்யும் 'பி5' பரிசோதனையைக் காட்டி, "சோதனையில் தேறிய கார்" என்று சிலர் விற்பர். அப்பரிசோதனை எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்பது போன்றவற்றைப் பார்ப்பது. கியர்ப் பெட்டியின் உடல்நலத்துக்குச் சான்றிதழ் வழங்குவதன்று. படித்தவர்களும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது வியப்பு.

ஏழு வாரங்கள் தேடிய பின் கிடைத்தது பெடோங்கில், ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரின் வீட்டு வாசலில். 2013ஆம் ஆண்டு மைவி, 1.3 லிட்டர். மீட்டரில் 1,21,000 கிலோமீட்டர். கடையில் பார்த்த காரைவிட மிகுதி. கதவில் நீண்ட கீறல். கூரையில் வண்ணம் மங்கியிருந்தது. ஆனால் முதல் நாள் தொட்டு எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு தேதியும் பட்டறை முத்திரையோடு ஒரு கையேட்டில் இருந்தது. கியர் எண்ணெய் மூன்று முறை மாற்றப்பட்டிருந்தது. குளிர்ந்த எஞ்சினில், பின்செலவுக்கு மாற்றியதும் கார் சத்தமின்றிப் பற்றிக்கொண்டது. தந்தையார் ஓட்டியபோது இடது கால் பழக்கத்தால் கிளச்சைத் தேடிப் பிரேக்கை அழுத்த, எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். "இடது காலை மடக்கி உள்ளே வைச்சுக்குங்கப்பா" என்றார் மகள். மலாய் ஆசிரியர் சிரித்தார். அவர் 19,000 கேட்டார், 18,300க்கு இசைந்தார். மகளும் ஆசிரியை என்று அறிந்தபின் குறைத்த தொகை அது.

மீதம் 3,700. பெயர் மாற்றம், காப்புறுதி, 70 வெள்ளி சாலை வரி ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 1,000 போயிற்று. பிரேக் கட்டைகள், இரண்டு சக்கரங்கள், எண்ணெய்கள் ஆகியவற்றுக்கு 900. கியர் எண்ணெயை வடித்து நிரப்பினாலும் பழையது முழுவதும் வெளியேறாது, ஒரு பகுதி உள்ளேயே தங்கும் என்பதால், சில வாரம் ஓடியபின் மீண்டும் ஒரு முறை மாற்றச் சொன்னார் பட்டறை இளைஞர். எஞ்சிய 1,800 வெள்ளியைத் தாயார் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தார். அது காரின் பணம். அரிசிக்கும் அதைத் தொடக்கூடாது என்பது அவர் விதித்த கட்டளை. நான்காம் மாதத்தில் ஒரு விடியற்காலை மின்கலம் செத்துப்போனது. தகரத்தைத் திறந்து புதியது வாங்கிப் பொருத்தினார்கள். அன்று தாயார் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகச் சென்றார். தாதியர் அவருக்காகப் படுக்கையை வைத்திருந்தார்கள்.