எஸ்டிமேட்டின் முதல் வரி

ஜூன் 2, திங்கள்

தென்காசியில் வீடு கட்டும் ஒருவர் பட்டறைக்கு வந்தார். தலைவாசல் கதவும் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையும் வேண்டும். ஆவணியில் பால் காய்ப்பு. “மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். நான் மொத்தமாகச் சொல்வதில்லை. எங்கள் எஸ்டிமேட்டில் முதல் வரி ஆள் கூலி. மரம், பித்தளைக் கீல், பாலிஷ் எல்லாம் அதற்குக் கீழேதான்.

மரவாடியில் தேக்குக்குக் கன அடி விலை சொன்னால் சொன்னதுதான். கீல் கடையிலும் அப்படியே. மொத்தத் தொகையில் பேரம் பேசி ஐயாயிரம் குறைத்தால், அது கூலியில்தான் போய் விழும். அதனால் முதல் வரியில் பேரம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்படியாகவில்லை என்றால் மேசையைச் சிறிதாக்கலாம், தேக்குக்குப் பதில் வேங்கை போடலாம். தீபாவளிக்குத் துணியும் போனசும் கொடுப்பது நல்ல காரியந்தான். ஆனால் விலை பேசும்போது ஆசாரியிடமிருந்து பிடுங்கியதை அது ஈடுகட்டாது.

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து சாரல். இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டிய வேறொரு கதவுக்கு எடுத்துவைத்த பலகைகளில் ஈரமானியை வைத்துப் பார்த்தோம். 16 சதவீதம். 12க்கு வராமல் மூத்த ஆசாரி இழைப்புளியைக் கையில் எடுக்கமாட்டார். மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம். அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். நடுப்பலகையைப் பசை போடாமல் சட்டத்தின் காடிக்குள் சும்மா விடுவது அதற்காகத்தான். ஈரப் பலகையைப் பூட்டினால் அடுத்த சித்திரையில் சந்து தெரியும்.

“மில் சூளைக்கு அனுப்பிருவோம் அண்ணாச்சி. அவசரப்பட்டா நம்ம பேருதான் கெடும்.”

உடனே வீட்டுக்காரருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைத்தேன். மரம் சரியில்லை என்று ஆசாரி சொன்னால் வேலை நிற்கும். அதற்கு மேல் என் பேச்சு எடுபடாது, எடுபடக் கூடாது.

ஜூன் 7, சனி

சம்பள நாள். இங்கே எல்லாருக்கும் நாள் சம்பளம். உருப்படிக்கு இவ்வளவு என்ற காண்ட்ராக்ட் இல்லை. உருப்படிக் கூலியில் கை வேகமெடுக்கும். வேகமெடுத்தால் முதலில் கழற்றப்படுவது வட்ட ரம்பத்தின் பின்னால் நிற்கும் அந்தச் சின்னத் தகடு. அறுபட்ட பலகை இறுகி ரம்பத்தைக் கவ்வினால், ரம்பம் அதை அறுப்பவர் மேலேயே எறிந்துவிடும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்தத் தகடு. அதைக் கழற்றினால் ஓர் அறுப்புக்குச் சில நொடி மிச்சமாகும். அந்தச் சில நொடிக்காக விரலை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ பேர்.

தூசியும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. மூக்கிலும் சைனசிலும் வரும். சி.என்.சி. எந்திரம் வாங்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். முதலில் தூசி உறிஞ்சியை வாங்கினோம்.

இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போனால் அதில் இடமில்லை. முப்பது வருடம் தூசி குடித்த மூத்த ஆசாரிதான் அப்படி வெளியே நிற்கிறார்! அவருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்துப் பட்டறைக் கணக்கில் கட்டுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

வேலை பழக வந்திருக்கும் பெண் இன்று கழுந்து அறுத்தாள். துளைக்குள் விட்டதும் ஆடியது. ஒரு நூல் அதிகமாகவே எடுத்துவிட்டாள். ஆசாரி திட்டவில்லை. கோட்டை அழித்தால் கழுந்து இளகும், கோட்டை விட்டுவைத்து அதன் வெளிப்பக்கம் அறு என்று காட்டினார். பிறகு உளியைச் சாணைக்கல்லில் தீட்டி அவள் கையில் கொடுத்தார். மத்தியானம் அறுத்த கழுந்து கையால் அழுத்தியதும் பாதி போனது. மீதிக்குக் கொட்டாப்புளி வேண்டியிருந்தது. அதுதான் சரியான இறுக்கம். அவள் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆசாரிக்கு அரை நாள் இதில் போனது. பழக்கிக் கொடுப்பதும் வேலைதான். தென்காசிக்காரரின் எஸ்டிமேட்டில் ஆள் கூலியோடு அதற்கும் நேரம் சேர்த்து எழுதி அனுப்பினேன். சாயங்காலம் போனில் கேட்டார், விளக்கினேன். மேசையை ஆறு பேருக்குக் குறைத்துக்கொண்டு முன்பணம் போட்டுவிட்டார். நாளை செங்கோட்டை மரவாடிக்குப் போக வேண்டும். பலகை பார்க்க ஆசாரியோடு அந்தப் பெண்ணும் வருகிறாள்.