காட்டுப்பள்ளியில் ஒரு சுற்று

2025 ஜனவரி 18, சனி

மழைக்காலம் ஓய்ந்துவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை. காட்டுப்பள்ளியை நடந்து சுற்ற இதைவிட நல்ல மாதம் கிடையாது. நாளை வற்றம் காலையிலேயே என்று மீன் கொண்டுவரும் அக்கா சொன்னார். சேற்றில் இறங்கினாலும் போகட்டும் என்று பழைய செருப்பை எடுத்து வைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மீஞ்சூரிலிருந்து பஸ். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் எங்கும் இல்லை, வயதானவர்களையும் கூட்டிவரலாம். கண்டெய்னர் லாரிகளையும் துறைமுக மதிலையும் முதுகுக்குப் பின்னால் விட்டு வடக்கே நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே சவுக்குத் தோப்பு வந்துவிட்டது.

சவுக்கு இந்த மண்ணின் மரம் அல்ல. சென்னைக்கு விறகு வேண்டுமென்று 19ஆம் நூற்றாண்டில் கரையோரமெங்கும் நட்டுப் பரப்பியது. உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும் தரையில் வேறு செடி அதிகம் முளைப்பதில்லை. ஆனாலும் வாடைக்காற்று அதற்குள் புகுந்து போடும் இரைச்சலுக்காகவே அங்கே நின்றேன். தோப்பைத் தாண்டினால் பனைகள், பிறகு மணல்மேடு. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் பின்னிப் பிடித்திருப்பதால்தான் அந்த மணல் காற்றோடு போகாமல் இருக்கிறது.

மேட்டின் பின்சரிவில் ஒரு பாட்டி ஊற்றிலிருந்து குடத்துக்கு மொண்டு கொண்டிருந்தார். முழங்கால் ஆழம்கூட இருக்காது. அலைச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

"குடிச்சுப் பாருப்பா. உப்பா இருந்தா சொல்லு."

உப்பே இல்லை. பெய்த மழையை மணல்மேடு உறிஞ்சி வைக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது என்பதால் அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. மேட்டை வெட்டினாலோ அடியிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தாலோ உப்பு மேலேறிவிடும். பிறகு எத்தனை மழை பார்த்துத் திருந்துமோ. இதே திட்டில்தான் 2010இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு. சென்னைக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், அதை மறுக்கவில்லை. பாட்டியின் ஊற்றுக்கு மின்சாரம் வேண்டாம், சவ்வு வேண்டாம். மணல் இருந்தால் போதும். அந்த மணலையும் ஒரு ஆலைக்குக் கொடுக்கும் மதிப்போடு பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கரையில் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. இந்த மாதம் சென்னைக் கரை முழுக்க இதே செய்தி, நூற்றுக்கணக்கில். ஆமைக்கு நுரையீரல்தான். இழுவலைக்குள் மாட்டினால் மூச்சுக்கு மேலே வர வழியில்லை. முட்டையிட வந்த இடத்துக்கு இப்படி வந்து சேர்கிறது.

அங்கிருந்து மேற்கே திரும்பினேன். திட்டின் மறுபக்கத்துக்குக் குறுக்கே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது, ஆனால் உலகமே மாறிவிடுகிறது. அலை இல்லை. வற்றத்தில் சேறு மினுங்குகிறது. அலையாத்திகளின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. இலையைத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும் மரம் இது. இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கடித்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்தார்கள். வலையே இல்லை, விரல்தான் கருவி.

நெடுங்கால் உள்ளான்கள், தூரத்தில் கூழைக்கடாக் கூட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியில் பரவியபோது, இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்துச் சோறு இறங்கவில்லை. இன்று வெள்ளையாகப் பார்க்கும்போது அவ்வளவு ஆறுதல்.

திரும்பியது கால்வாய்ப் பக்கமாக. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் நீட்டிய கால்வாய் இது. பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாமுடையது. தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் குறி வைத்து நடந்தால் வழி தவறாது. வெயில் உறைக்கும் முன் பஸ் பிடித்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு வாரமாக வரைபடங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏறக்குறைய 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் சில ஆண்டுகளாகவே பேச்சில் இருக்கிறது. 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் ரத்தானது. திட்டப் படத்தில் இந்தத் திட்டு வெறும் கட்டங்கள். ஊற்று எங்கே, இறால் சேறு எங்கே என்று அதில் குறி இல்லை. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்தையே ஒருமுறை இடம் பெயர்த்தாகிவிட்டது. ஆரணியாறும் கொசஸ்தலையும் வெள்ளக் காலத்தில் விரிந்து படுக்க இருக்கும் இடமும் இந்தக் கழிகளும் ஏரியும்தான். அதை அடைத்தால் தண்ணீர் மீஞ்சூருக்கும் மணலிக்கும் வீடு தேடி வரும்.

அதனால் என் பங்குக்கு ஒரு வழிக்குறிப்பு எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். வற்ற நேரத்தை ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுக மதில் ஓரம் போகாமல் வடக்கே திரும்புங்கள். மணல்மேட்டில் கொடியை மிதிக்காதீர்கள். ஊற்றில் கை கழுவாதீர்கள், அது குடிக்கிற தண்ணீர். இருளர் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அவர்கள் கரையேறும் நேரத்தில் போனால் இறாலை அங்கேயே விலைக்கு வாங்கலாம்.