ஓணானுக்கு ஒரு சூரியன்

டொரொன்டோ, ஜனவரிக் குளிர். மகள் ஆசைப்பட்டு வாங்கிய பியர்டட் டிராகன், நம்ம ஊர் ஓணானுக்கு ஆஸ்திரேலியச் சொந்தம். அதற்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சூடு குறைந்தால் தின்றதுகூடச் செரிக்காது.

கடையில் சூடேறும் கல், அடியில் ஒட்டும் ஹீட் மேட், மேலே மாட்டும் பல்பு என மூன்றையும் காட்டினார்கள். கல்தான் சுலபம் என்று தோன்றியது. மகள் விடவில்லை. "வயிறு வெந்தாலும் அதுக்குச் சட்டுனு தெரியாதும்மா. காட்டுல வெயில் மேலேயிருந்துதானே வருது?"

தெர்மோஸ்டாட்டுடன் பல்பையே வாங்கினோம். புற ஊதா விளக்கு தனி. இப்போது பல்புக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ், மறுகோடியில் 26.

காலையில் வாயைப் பிளந்து வெயில் காய்கிறது. போதுமென்றால் நிழலுக்கு நகர்கிறது. நேற்று வைத்த கீரை, பூச்சி எதுவும் மிச்சமில்லை.