கையெழுத்து போடுவீங்களா தம்பி?

உத்திரமேரூர்ல எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு மாடி வீடு கட்டலாம்னு அப்பா முடிவு பண்ணினதும் எனக்கு ஒரு போன் வந்தது.

"டேய், நீ சிவில்தானே படிச்ச? வந்து மேஸ்திரிகிட்ட பேசு."

படிச்சது என்னவோ சிவில்தான். சோறு போடறது ஜாவா. கேம்பஸ்ல ஐ.டி. கம்பெனிக்காரங்க வந்து கொத்தா அள்ளிக்கிட்டுப் போன நாளோட கான்கிரீட்டுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிஞ்சது. எங்க செட்ல பாதிப் பேர் கதை இதுதான். ஆனா அப்பா கணக்குல வீட்டுக்குள்ளயே ஒரு எஞ்சினியர் சும்மா கிடக்கான்.

சனிக்கிழமை காலையில போய் இறங்கினேன். பிளானைப் பார்த்தேன். கீழே நாலு பக்கமும் வெறும் பில்லர். கார் நிறுத்த, நெல்லு மூட்டை அடுக்க வசதியா சுவரே கிடையாது. மேல ரெண்டு தளத்துக்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். டவுன்ல ஒருத்தர் போட்டுக் கொடுத்த பிளான். சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது. பில்லருக்கு எத்தனை கம்பி, என்ன சைஸ்னு மட்டும் எங்கயும் இல்லை. கேட்டதுக்கு அப்பா, "அதெல்லாம் மேஸ்திரி பார்த்துப்பார்"னு சொல்லிட்டார்.

வாசல்ல பில்லருக்கான ரிங் மடக்கிக் குவிச்சு வச்சிருந்தாங்க. எல்லாத்துக்கும் நுனி தொண்ணூறு டிகிரி. எட்டு செமஸ்டர்ல மனசுல தங்கினது ரெண்டு மூணு விஷயம்தான். அதுல ஒண்ணு இது. "மேஸ்திரி, ரிங்கோட நுனியை 135 டிகிரிக்கு உள்ளாற மடக்கணும். இப்படி விட்டா ஆடும்போது ரிங் வாயைப் பிளந்துடும். உள்ள இருக்கிற கம்பி பிதுங்கிடும்"னேன்.

அவர் சிரிச்சார். "முப்பது வருஷமா இப்படித்தான் மடக்கறேன். எந்த வீடு விழுந்திருக்கு? நம்மூர்ல ஏது தம்பி பூகம்பம்?"

நான் விடலை. கடைசியில அவரே இறங்கி வந்தார். "சரி, நீங்க சொல்றபடியே மடக்கறேன். பில்லர் சைஸ், கம்பிக் கணக்கு எல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. கையெழுத்து போடுவீங்களா தம்பி?"

கிண்டலாக் கேக்கலை. நிஜமாவே கேட்டார். எனக்கு வாய் அடைச்சிடுச்சு. பட்டம் இருக்கு. ஆனா வாழ்க்கையில ஒரு பில்லர்கூட டிசைன் பண்ணினதில்லை.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடி இல்லாத வீட்டுல, பக்கத்துத் திண்ணையில படுத்துக்கிட்டு யோசிச்சேன். அதைத்தான் இங்க கொட்டறேன், பொறுத்துக்குங்க.

"நம்மூர்ல ஏது பூகம்பம்"னு அகமதாபாத்லயும் சொல்லியிருப்பாங்க. 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்னிக்குக் காலையில கட்ச்ல நிலம் ஆடினப்ப, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்த அகமதாபாத்ல அடுக்குமாடிகள் சரிஞ்சது. கீழே கார் நிறுத்த வெறும் பில்லர், மேல சுவர் வச்ச தளங்கள்னு கட்டினது அதுல நிறைய. மேல்பாகம் சுவரால இறுகி ஒரே பெட்டி மாதிரி நகரும். அந்த ஆட்டம் மொத்தமும் கீழே இருக்கிற பில்லர் தலையில விடியும். எங்க வீட்டு பிளான் அச்சு அசல் அதேதான்!

அதே வருஷம் செப்டம்பர் 25 ராத்திரி புதுச்சேரிக்கு அப்பால கடல்ல ஆடினது சென்னை வரைக்கும் தெரிஞ்சது. 2002ல் ஐ.எஸ். 1893 விதியைத் திருத்தினப்ப சென்னையை இரண்டாம் மண்டலத்துலேர்ந்து மூணாம் மண்டலத்துக்கு ஏத்தினாங்க.

பூகம்பம்கூட வேண்டாம். 2014 ஜூன் 28, எங்க காஞ்சிபுரம் மாவட்டத்து மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டு இருந்த பதினோரு மாடி அப்படியே உக்காந்தது. 61 பேர் செத்துப் போனாங்க. அப்ப நான் ஸ்கூல் பையன். அதை டி.வி.யில பார்த்துத்தான் சிவில் எடுக்கணும்னு தோணிச்சு. அப்படி எடுத்தவன் இப்ப என்ன பண்றேன்னு மேலேயே சொல்லிட்டேன்.

சரி, அப்ப யார்தான் கையெழுத்து போடணும்? நம்ம நாட்டுல ஆர்கிடெக்ட்டுக்கு 1972லயே தனிச் சட்டம் வந்தாச்சு. எஞ்சினியர் தொழிலுக்கு அந்த மாதிரி நாடு முழுக்கப் பொதுவா ஒரு சட்டம் இல்லை. தமிழ்நாட்டுல 2019ல் வந்த கட்டட விதிகள் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்களைத் தனியாப் பதிவு பண்ணச் சொல்லுது. நல்ல விஷயம். ஆனா பதிவுங்கறது ஒரு பேர்ப்பட்டியல். அந்தப் பேரெல்லாம் ஒண்ணா உக்காந்து, "நேத்து எங்க தப்பு பண்ணினோம்"னு பேசினாத்தான் அது சங்கம்.

கலிஃபோர்னியாக்காரங்க கதை இதுக்கு நல்ல உதாரணம். அங்க 1928ல் செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைஞ்சு நூத்துக்கணக்கானவங்க செத்தாங்க. அடுத்த வருஷமே சிவில் எஞ்சினியருக்கு லைசென்ஸ் கட்டாயம்னு ஆச்சு. அதே 1929ல் தெற்கு கலிஃபோர்னியா ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்கள் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் வடக்கேயும் ஒண்ணு. 1932ல் மாநிலத்துக்கே பொதுவா ஒரு அமைப்பு. தொழில்ல போட்டி போடறவங்க, சம்பளம் வாங்காம ஒண்ணாக் கூடி, பூகம்பத்தைத் தாங்கற கட்டடத்துக்கு விதி எழுதினாங்க. 1959ல் வந்த அந்தப் புஸ்தகத்துக்கு அட்டை நிறத்தால "நீலப் புத்தகம்"னே பேர் நிலைச்சுது.

எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்தது. 1971 சான் ஃபெர்னாண்டோ பூகம்பத்துல, புதுசாத் திறந்த ஆலிவ் வியூ ஆஸ்பத்திரியே நாசமாச்சு. அன்னிய விதிகள் அமல்ல இருந்தப்பக் கட்டினதுதான். அங்கயும் கீழ்த்தளம் பலவீனம். அந்தச் சங்கம் விதியைத் தோண்டித் திருத்தக் கிளம்பிச்சு. ஆராய்ச்சியைக் களத்துக்குக் கொண்டு வர 1973ல் தனி அமைப்பே தொடங்கிச்சு. பூகம்பத்துக்கு அப்புறம் கட்டடத்து வாசல்ல சிவப்பு, மஞ்சள், பச்சைச் சீட்டு ஒட்டுற முறையை 1989ல் வகுத்துக் கொடுத்ததும் அந்த அமைப்புதான்.

இதை நினைச்சுக்கிட்டே காலையில டீ குடிக்கப் போனப்ப, வைகுண்டப் பெருமாள் கோயில் எதிர்ல நின்னேன். எங்க ஊர்க்காரன் எவனும் குடவோலை பத்திப் பேசாம பதிவு எழுத முடியாது, மன்னிச்சுடுங்க. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. 919ல் ஒரு விதி எழுதி, ரெண்டே வருஷத்துல, 921ல், திருத்தி எழுதியிருக்காங்க. ஏரி வாரியத்துக்குப் போகணும்னா வயசு, சொத்து, படிப்புன்னு தகுதி. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடவே கூடாது. அவன் சொந்தக்காரன் பேரையும் போடக் கூடாது. அது எல்லாருக்குமான சபை இல்லைதான். நிலம் வச்சிருந்த, வேதம் படிச்ச ஆம்பளைங்களோடது. ஆனாலும் சூத்திரம் சரி: தகுதி சொல்லு, கணக்குக் காட்டு, விதி போதலைன்னா திருத்து.

கோயில் வாசல்லயே நின்னு கூடப் படிச்ச நண்பனுக்கு போன் போட்டேன். எங்க செட்ல சிவிலை விடாத மூணு பேர்ல ஒருத்தன். ஐ.டி. சம்பளத்தைச் சொல்லி நாங்க ஓட்டாத நாள் கிடையாது. மறுவாரம் பைக்ல வந்தான். மண்ணைத் தோண்டிப் பார்த்தான், கணக்குப் போட்டான். பில்லர் அகலமாச்சு. கீழ்த்தளத்துல ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் ஏறிச்சு. காருக்கு இடம் குறைஞ்சதுல அப்பாவுக்கு வருத்தம். அவனோட ஃபீஸைச் சொன்னப்ப, "ஒரு பேப்பருக்கா இவ்வளவு?"ன்னார். "கையெழுத்துக்குப்பா"ன்னேன்.

மேஸ்திரி பழைய ரிங் ஒண்ணை எடுத்து நுனியை உள்ளே மடக்கி நண்பன்கிட்ட காட்டினார். "இது போதுமா சார்?"

என்னை இன்னும் தம்பின்னுதான் கூப்பிடறார். அவனை சார். நியாயம்தான்.