வைத்திக்குப்பத்துக் கரையும் வீட்டுக் கணக்கும்

புதுவைக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைக் கடந்து வடக்கே நடப்போர், பழைய சாராய ஆலையோடு நகரம் முடிந்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுவது வழக்கம். இன்னும் சற்றுத் தூரம் நடப்போமானால் குருசுக்குப்பமும், அதையடுத்து வைத்திக்குப்பமும் நம்மை எதிர்கொள்ளும். பிரெஞ்சுக்காரர் நேர்க்கோடாக வகுத்த அகன்ற வீதிகள் இங்கே குறுகிச் சந்துகளாகின்றன. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்த் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கரை இதுவே. அன்று ஒருநாள் ஊரும் நாடும் இக்குப்பத்தைத் தேடி வருகின்றன.

ஆனால், அக்கரையில் இன்று நாம் காண்பது பெரும்பாலும் கருங்கல் குவியலே. 1980களின் பிற்பகுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்திற்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தை அவை மறித்தன. தென்புறம் மணல் குவிந்தது. வடபுறம் கரை அரிக்கப்பட்டது. கடலைத் தடுக்கக் கொட்டிய கற்கள் வீடுகளைக் காத்தன. எனினும், படகை இழுத்து நிறுத்தவும், வலையைச் செப்பனிடவும், மீனைக் காயவைக்கவும் இருந்த மணல் போயிற்று.

பின்னால் நகரமும் முன்னால் கடலும் நெருக்கும் இத்தகைய குடியிருப்பைக் காண்போர், "இவர்களுக்கு வேறிடத்தில் நல்ல வீடு கட்டித் தந்தால் என்ன?" என்று கேட்பது இயல்பே. அதற்கான பணம் எவ்வாறு வருகிறது என்பதைச் சற்று ஆராய்வோம். 2005ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் புதுவையும் இடம்பெற்றது. அதன்படி ஏழைக் குடும்பம் வீட்டுச் செலவில் குறைந்தது 12 விழுக்காடும், தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் 10 விழுக்காடும் ஏற்க வேண்டியிருந்தது. 2015இல் வந்த பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தில், குடிசைப் பகுதியை அதே இடத்தில் புதுப்பிக்க வீடொன்றுக்கு ரூ.1 லட்சமும், சொந்த மனையில் கட்டுவோர்க்கு ரூ.1.5 லட்சமும் மத்திய அரசின் பங்காக இருந்தன. எஞ்சியதை மாநில நிதியும் குடும்பத்தின் கையிருப்பும் நிரப்ப வேண்டியிருந்தது. அடகு நகையும் வட்டிக் கடனும் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

இக்கணக்குகளில் சுவருக்கும் கூரைக்கும் தொகை உண்டு. தொழிலிடத்திற்கு உள்ள தூரத்திற்குத் தொகை இல்லை. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்னும் முழக்கத்தோடு 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின், சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. விடியுமுன் கடலில் இறங்க வேண்டியவர் எந்தப் பேருந்தில் வருவார்? மீன்கூடை சுமக்கும் தாயை எந்த நடத்துநர் மனமுவந்து ஏற்றுவார்? நொச்சிக்குப்பத்திலோ, பழைய அடுக்குமாடிகள் இருந்த அதே கரையில் புதியவை எழுந்தன. வீட்டை விட்டிறங்கினால் அங்கே இன்றும் கடல்தான்.

கடலரிப்பின் ஆபத்தை நாம் மறுப்பதற்கில்லை. விரும்பி வேறிடம் செல்வோர்க்கு வழிவிடவும் வேண்டும். ஆயினும் கரையை மீட்க இயலும் என்பதற்குப் புதுவையே சான்று. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின், காந்தி சிலையருகே மணல் மீண்டும் சேர்ந்தது. உலாவ வருவோர்க்குத் திரும்பிய மணல், உழைத்து வாழ்வோர்க்கும் திரும்ப வேண்டாமா? கரைக்குச் செலவிடும் பணமும் வீட்டுக்குச் செலவிடும் பணமே.

அலுவலகங்களிலும் நகராட்சியிலும் பொறுப்பு வகிப்போர் நம் குடும்பங்களிலும் உள்ளனர். மறுகுடியமர்வுத் திட்டம் எதுவும் தங்கள் மேசைக்கு வரும்போது அவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பார்களாக: புதிய வீட்டிலிருந்து தொழிலிடம் எவ்வளவு தூரம்? அக்குடும்பத்தாரை அழைத்துக் கேட்டாயிற்றா?