கண்டிக்குப் போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர்

பள்ளி விடுமுறை விட்டால் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பக்கமிருந்து கண்டிக்கு வேன்கள் கிளம்பிவிடும். காலையில் தலதா மாளிகை, மத்தியானம் கொழும்பு வீதியில் புடவைக் கடை, பின்னேரம் வாவிக்கரை. இடையில் பேராதனைக்கு ஒரு மணித்தியாலம். தாவரவியல் பூங்கா மட்டுமே 147 ஏக்கர். மகாவலி வளைத்து ஓடும் அந்த மண்ணை ஒழுங்காகச் சுற்றிவர அரை நாள் போதாது.

பேராதனை கண்டியிலிருந்து ஆறு கிலோமீற்றர். கொழும்பு–கண்டி வீதியிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடி போகும் வீதி பிரிவது இங்கே; தண்டவாளமும் கண்டிக்கும் பதுளைக்குமாகப் பிரிவது இங்கேதான். பதுளைக் கடுகதிகள் சில கண்டிக்குள் நுழைவதே இல்லை. அவற்றில் வருபவர்கள் பேராதனைச் சந்தியில் இறங்கிக்கொள்ள வேண்டும்.

1821இல் அலெக்சாண்டர் மூன் பூங்காவைத் தொடக்கியது பூப்பார்க்க அல்ல. கோப்பியும் கறுவாவும் நட்டார். 1839இல் அசாம் தேயிலை விதை வந்தது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர், அதற்கு முன் நட்டுப் பார்த்தது பேராதனையில் வாங்கிய விதைகளை. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர்க் கன்றுகள் வந்தபோது பெரும்பகுதி கம்பகா ஹெனரத்கொடவுக்குப் போக, கொஞ்சம் இங்கே வந்தன. தோட்ட வேலைக்காக மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்த தமிழ்ச் சனங்களின் தலையெழுத்து பாதி இந்தப் பாத்திகளில் எழுதப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அட்டனிலிருந்து வந்து ஓர்க்கிட் வீட்டின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பிரமுகர்கள் நட்ட மரங்களில் ஒன்று நாகலிங்கம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவியும் 1901இல் நட்டது. பூ கிளை நுனியில் வராது. அடிமரத்திலிருந்து கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். இளஞ்சிவப்பு இதழுக்குள் மகரந்தக் கற்றை படமெடுத்துக் கவிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி, பீரங்கிக் குண்டுபோல உருண்ட காய்கள். மரத்தடியில் உட்காராமல் இருப்பது நல்லது. காகரின் 1961இலும் இந்திரா காந்தி 1967இலும் நட்ட மரங்களும் உண்டு. அரசப்பனைச் சாலை நாகலிங்கத்தோடு பார்த்தால் சின்னப்பிள்ளை, 1950இல் வைத்தது. ஆனால் படம் எடுப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

பூங்காவுக்கு அப்பால் கம்பஸ், பேராதனைப் பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. திறனாய்வாளர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் படித்த இடம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடைக்கேற்ப ஆடவைத்து, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று போட்டதும் இங்கிருந்துதான். மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டு அதுவரை நடப்பவர்களுக்குக் கால் வலித்தாலும் வீண் போகாது.

வெண்கலம், பித்தளை வாங்க வருபவர்கள் கண்டி டவுனிலேயே பணத்தை முடித்துவிடக் கூடாது. கொழும்புப் பக்கமாகப் பேராதனை தாண்டினால் பிலிமத்தலாவ. அதன் சுற்றுவட்டாரத்தில் மெழுகில் உரு செய்து, களிமண் பூசிச் சுட்டு, உருகிய உலோகம் ஊற்றும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. குத்துவிளக்கைக் கையில் தூக்கிப் பாருங்கள். வார்த்ததென்றால் கனக்கும், தகடென்றால் தூக்கின உடனே தெரிந்துவிடும். அப்படியே கடலாதெனிய விகாரையையும் பார்க்கலாம். 1344இல் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்திய ஸ்தபதி. பக்கத்து லங்காதிலகவில் பாறையில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அதைத் தேடிப் போகும் தமிழ் வேன் மிக அரிது.

வேன்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேராதனையின் கலஹா சந்தியில் பள்ளி விடும் நேரம் வாகனம் நகராது. ஆறு கிலோமீற்றர் பஸ்ஸில் போக ஒரு மணித்தியாலம் ஆகும் நாட்கள் உண்டு. பக்கத்திலேயே தண்டவாளம் கிடக்கிறது; அடிக்கடி ஓடும் ஒரு புறநகர் ரயிலுக்கு ஊரார் இன்னும் காத்திருக்கிறார்கள். மத்திய அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் மீரிகமவிலிருந்து குருநாகல்வரை திறந்தது, கண்டிக்கு வந்தபாடில்லை. அதுவரை முழுப் போக்குவரத்தும் பேராதனையின் தலையில். ஆடி, ஆவணி வந்தால் பெரஹராக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கடை மூடுமுன் டவுனுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் மத்தியானமே பஸ் ஏறிவிடுங்கள். நாலரைக்கு ஏறினால் புடவை வாங்க முடியாது, வீதியோரக் கடைப் பெயர்ப்பலகைகளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கலாம்.